மார்ச் மாதத்து வண்டி

பங்குனி வெயிலில்
கிண்டி ஷோரூம் வாசலில்
நாலு எலுமிச்சை நசுக்கிச் சாவி வாங்கினேன்.
சாவி என்றால் சாவி இல்லை,
பஸ் பாஸ் அளவில் ஒரு அட்டை.

எழுபத்திரண்டு தவணை.
நாலு கட்டி முடித்திருந்தேன்.

ஆடித் தள்ளுபடியில்
என் பக்கத்துக் கட்டத்துக்கு வந்தது
செல்வின் ஞானராஜின் வண்டி.
அதே பெயர். அதே நீலம்.
சார்ஜ் மூடி எனக்கு மூக்கில்,
அவருக்குப் பின்னால் இடது இடுப்பில்.
எனக்குப் பின்விளக்கு இரண்டு சிவப்புக் கட்டி,
அவருக்கு மை தீட்டிய புருவம் மாதிரி
மெல்லிய கோடு.
ஏ.சி. குறைக்க நான் திரையைத் தடவ வேண்டும்,
அடையாறு பாலத்தில், அதுவும் ஓட்டிக்கொண்டே.
அவருக்குப் பொத்தான்.

"பொத்தான் வேணும்னு நெறைய பேர் எழுதினாங்களாம்,
வெச்சுட்டாங்க" என்றார்.
அந்த நெறைய பேரில்
நானும் ஒருத்தி.
ஏப்ரல் கருத்துப் படிவத்தில்
மூன்று பத்தி எழுதியிருந்தேன்.
நல்ல யோசனை என்று பதில்கூட வந்தது.

பெரும்பாக்கம் குடியிருப்பில்
சுவர் சார்ஜர் என் வண்டியின் மூக்கை அளந்து மாட்டியது.
வயர் அவர் இடுப்பை எட்டவில்லை.
அதனால் ரிவர்ஸில் வந்து நிற்கிறார்.
ஒன்று சுவரைப் பார்த்து, ஒன்று ரோட்டைப் பார்த்து
ராத்திரியெல்லாம் கிடக்கின்றன.
"புருஷன் பொண்டாட்டி சண்டையா மேடம்?"
செக்யூரிட்டி இருதயம் சிரிக்கிறார்.

ஐப்பசி முதல் மழையில்
துரைப்பாக்கம் சிக்னலில்
தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வந்து உரசியது.
இடது விளக்கு தூள்.

அம்பத்தூர் சர்வீஸ் சென்டர் பையன்
எண்ணைத் தட்டினான்.
மறுபடி தட்டினான்.
"இது பழைய மாடல் மேடம்."
"வாங்கி ஏழு மாசம்தான் ஆகுது தம்பி.
நம்பர் பிளேட்டுல பச்சைகூட மங்கலை."
"ஆமா மேடம். பழைய மாடல்."
ஜூனுக்கு முன், ஜூனுக்குப் பின் என்று
காலத்தையே இரண்டாக நறுக்கி
அலமாரியில் அடுக்கியிருந்தான்.
முன் அலமாரி காலி.

இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார்.
இல்லாத பொருளுக்கு என்ன விலை போடுவது என்று
என்னையே கேட்டார்.

புதுப்பேட்டையிலும் கிடைக்காத ஒன்று
உலகத்தில் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.
கடைசியில் ரஹ்மத்துல்லா
புது விளக்கின் ஓரத்தைச் சீவி
பழைய குழிக்குள் உட்கார வைத்தார்.
"வெளிச்சம் வருதுல்ல, அதைப் பாருங்க."

இப்போது என் வண்டிக்கு
வலது கண் மார்ச்.
இடது கண் ஜூன்.

விற்கலாமென்று விலை கேட்டேன்.
சொன்ன தொகையைக் கணவரிடம் சொல்லவில்லை.
வங்கிக்கு மட்டும் மாடல் தெரியாது.
ஐந்தாம் தேதி விடிந்தால்
பழசு புதுசு பார்க்காமல் எடுத்துக்கொள்கிறது.

நேற்று
டைடல் பார்க்கிலிருந்து பின்னாலேயே வந்த வண்டி
மத்திய கைலாஷில் பக்கத்தில் நின்றது.
அதே மூக்கு. மூக்கில் அதே மூடி.
கண்ணாடியை இறக்கினேன்.
"மார்ச்சா?" என்றார், வழுக்கைத் தலைக்காரர்.
"மார்ச். நீங்க?"
"மே இருபது. பன்னெண்டு நாள்ல போச்சு"
ஒரு மார்க்கில் ஃபெயிலானவர் குரலில் சொன்னார்.

நூற்றிருபது விநாடி சிக்னல்.
எங்களுக்குப் பேச நிறைய இருந்தது,
எதையும் பேசவில்லை.
எழுபது இருக்கும்போது
தயங்கித் தயங்கி,
"தப்பா நெனைக்காதீங்க.
எனக்கு வலது பக்கம் ஒடஞ்சுபோச்சு.
ரெண்டு மாசமா செலோடேப்.
உங்க வலது விளக்கை விப்பீங்களா?"

யோசித்தேன்.
நிஜமாகவே யோசித்தேன்.
கொடுத்துவிட்டால்
இரண்டு கண்ணும் ஜூன் ஆகிவிடும்,
ஜூன் எத்தனை நாளைக்கு ஜூனோ.

பச்சை விழுந்தது.
பின்னாலிருந்த ஷேர் ஆட்டோ
எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டியது.